விரல் வைக்காமல் வாசித்த வரி

இந்தக் காலத்து வாசகர்களைப் பற்றி என்ன சொல்ல! கிறிஸ்தவச் சபைக்கு ஒரு கடிதம் வந்தால் அனுப்பியவர் பெயர், வாழ்த்து, நன்றி எல்லாவற்றையும் ஆறிப்போன பார்லிக் கஞ்சியைக் குடிப்பது போல மடக்மடக்கென்று தாண்டிவிட்டு, நேராகப் புத்திமதிக்கு வந்து நிற்கிறார்கள். புத்திமதிக்கா நமக்குப் பஞ்சம்? ஆற்றங்கரை ஊரான அம்பிபோலியில் பிலின்னா வாசித்த நாட்களில் கதையே வேறு. வாழ்த்துக்கு ஒரு மூச்சு எடுப்பாள், நன்றிக்கு ஒன்பது மூச்சு எடுப்பாள். அவள் நன்றிப் பகுதியை முடிக்கும்போது கீழே கருவாட்டுக் கொட்டகையில் விலாங்கு மீன் உப்பில் ஊறுகிற வாடைகூட யாருக்கும் தெரியாது.

பிலின்னா பிறவி அடிமை. அவளுடைய எஜமான் பத்திரம் எழுதுகிறவர். கண் மங்கத் தொடங்கியதும், வீட்டில் வேலை செய்த சிறுமிகளில் வாய்த்துடுக்கான இவளைப் பிடித்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெளியாளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வதைவிட வீட்டில் ஒரு கண்ணை வளர்ப்பது அவருக்கு மலிவு. ஆனாலும் சாகும்போது மனசு இளகி அவளை விடுதலை செய்துவிட்டுப் போனார். அப்போது அவளுக்கு முப்பது வயது. சந்தைத் தூண்களுக்கிடையே ஒரு முக்காலியைப் போட்டு, ஊராருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்து வயிற்றைக் கழுவினாள்.

சந்தைக் கடிதம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். இன்னாரிடமிருந்து இன்னாருக்கு, சுகம். நீ உடல் நலத்தோடு இருக்கத் தேவர்களை வேண்டிக்கொள்கிறேன். அவ்வளவுதான் மரியாதை. அடுத்த வரி, 'நீ அனுப்புவதாகச் சொன்ன எண்ணெய் இன்னும் வரவில்லை' என்று ஆரம்பித்துவிடும். தேவர்களை வேண்டிக்கொண்டதே எண்ணெய்க்காகத்தானோ என்று தோன்றும்.

விலாங்குக் கருவாடு போடுகிற நிகாசோ ஒருநாள் வந்து அவள் முக்காலிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். நிகாசோவுக்கு ஆள் குட்டை, குரல் ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும்.

"ஏம்மா, ஒரு கடுதாசி வாசிக்கணும். எங்க மாடிக்கு வந்து, இருவது பேருக்குக் கேக்கிற மாதிரி வாசிக்கணும். கூலி ஒரு முழு விலாங்கு."

"இருவது பேருக்கு ஒரே கடுதாசியா? யாரு எழுதினது?"

"எபேசிலேர்ந்து எங்க ஆசான். வந்துதான் பாரேன், உன்னையா அறுத்து உப்புல போடப்போறோம்?"

வாரத்தின் முதல் நாள், கிழக்கு வெளுக்கிற நேரம். வேலைக்குப் போகுமுன் வந்து கூடியிருந்தார்கள்: துறைமுகக் கூலிகள், வலை பின்னுகிறவர்கள், இரண்டு வண்ணார், ஒரு கழுதைக்காரன். பிலின்னா அவர்கள் போட்ட முக்காலியில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்து, எழுத்துகள் ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் ஒட்டிக் கிடந்ததால் விரலை ஒவ்வொன்றாக நகர்த்தி வாசித்தாள். யூமெனேஸ் என்ற அந்த ஆசான் தன் பெயரைச் சொல்லி, 'சுகம்' என்று எழுத வேண்டிய இடத்தில் கிருபை, சமாதானம் என்று எழுதியிருந்தார். சரி, புதுமோடி என்று நினைத்துக்கொண்டாள். பிறகு நன்றி வந்தது. இன்னாரை நினைத்துக் கடவுளுக்கு நன்றி, இன்னது செய்தவரை நினைத்து நன்றி என்று போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. எண்ணெய் எப்போது வரும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். வரவேயில்லை.

வாசிப்பதை நிறுத்திவிட்டு, "இந்த மனுஷனுக்கு என்னதான் வேணுமாம்?" என்று கேட்டேவிட்டாள்.

"ஒண்ணும் வேணாமாம்," என்றாள் நிகாசோ. "மேல வாசி."

அடுத்த வரி, 'வெள்ளத்தில் ஆற்றங்கரைச் சேற்றைத் தாண்ட என்னைத் தோளில் சுமந்த பீத்துஸுக்காக நன்றி' என்று இருந்தது. முக்காலியின் காலடியில் உட்கார்ந்திருந்த ஒரு திராக்கிய நாட்டான், கறுத்து அகன்ற ஆள், திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். பீத்துஸ் என்ற பெயர் திராக்கியரில் தெருவுக்கு நான்கு. பின்னால் வேறு எந்தப் பீத்துஸும் இல்லை.

"என்னையா?" என்றான். "என்னையா சொல்றாரு?"

"உன்னைத்தாண்டா மரமண்டை," என்று கழுதைக்காரன் அவன் முதுகில் ஒரு போடு போட்டான்.

பீத்துஸ் ஒரு மரவியாபாரியின் அடிமை. இருபது வருஷமாகச் சுமக்கிறான். அடிமைக்கு யார் நன்றி சொல்வார்கள்? கழுதைக்கு யாராவது நன்றி சொன்னதுண்டா? அவன் பல்லெல்லாம் தெரிய அழுததைப் பார்த்துக்கொண்டே பிலின்னா மிச்சத்தை வாசித்து முடித்தாள். கூலி விலாங்கை வாங்காமலே படியிறங்கினாள். அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலே வந்தாள்.

அன்றிலிருந்து பதினான்கு வருஷமாக அந்தச் சபைக்கு அவள்தான் வாசகி. குளிர்காலம் கழிந்து கடல் திறந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் எபேசிலிருந்து ஒரு கடிதம் வரும். அந்த நாள் வந்தால் மாடியில் திருவிழாதான். வாழ்த்தில் பெயர் வந்தவனைப் பக்கத்தில் இருப்பவர்கள் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டுத் திணறடிப்பார்கள். 'நன்றிய இன்னொரு தரம் வாசி' என்று நிகாசோ நச்சரிப்பாள். பீத்துஸ் மட்டும் முக்காலியின் காலடியில், முதல் நாள் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, எழுத்தின்மேல் நகர்கிற பிலின்னாவின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பான். எழுத்து தெரியாதவனுக்கு அதில் என்ன இருக்கிறதோ! அவள் கேட்டதில்லை.

பிலின்னாவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, தாய் எந்த ஊருக்கு விற்கப்பட்டாள் என்றும் தெரியாது. 'வாசகி அக்கா' என்று நான்கு பேர் கூப்பிடுகிறார்களே, அதுதான் அவளுடைய வீடு, நிலம் எல்லாம். அது கையை விட்டுப் போகக்கூடிய காரியத்தை அவளே ஒருநாள் செய்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஊருக்குப் புது அதிகாரி வந்திருந்தான். தடியை எடுக்கச் சாக்குத் தேடுகிற ரகம். அந்த நேரம் பார்த்து, கடலுக்கு அக்கரைப் பொந்து நாட்டுச் சபையின் மூப்பர் ஒருவரை, தேவர்களைக் கும்பிட மறுத்ததற்காகச் சங்கிலியில் கட்டி ரோமாபுரிக்குக் கொண்டுபோகிற சிப்பாய்கள், பெருஞ்சாலை ஓரத்துச் சத்திரத்தில் ஒரு ராத்திரி தங்கினார்கள். நம் ஆள் ஒருவர் சங்கிலியோடு ஊர்வழி போனால் போய்ப் பார்ப்பது, சாப்பாடு கொடுப்பது, முத்தமிட்டு அனுப்புவது எல்லாச் சபைக்கும் வழக்கம். அம்பிபோலியில் யாரும் போகவில்லை. நிகாசோ கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கழுதைக்காரனுக்குத் திடீரென்று பக்கத்து ஊரில் வேலை வந்துவிட்டது. பிலின்னா ரொட்டியும் விலாங்கும் துணியில் கட்டிக்கொண்டு சத்திர வாசல்வரை போனாள். வாசலில் நின்ற சிப்பாய் அவளைப் பார்த்தான், அவ்வளவுதான். வந்த வழியே திரும்பிவிட்டாள். அந்த ரொட்டியைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. பூசணம் பூக்கும்வரை பரணில் கிடந்தது.

பீத்துஸ் மட்டும் அப்போது ஊரில் இல்லை, நான்கு நாளாக எயோன் துறைமுகத்தில் கப்பலுக்கு மரம் ஏற்றிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து விஷயம் கேட்டதும், "யாருமேவா போகலை?" என்று ஒரே கேள்வி கேட்டான். நிகாசோ கருவாட்டை அடுக்கத் தொடங்கினாள். அவன் மறுபடி கேட்கவில்லை.

வசந்தத்தில் கடிதம் வந்தது. எபேசுத் துணி வியாபாரி ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முகம்கொடுத்துப் பேசாமல் போய்விட்டார். அப்போதே பிலின்னாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் முன்கூட்டிப் பிரிக்கக் கூடாது, சபை முன்னால்தான் முத்திரையை உடைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

விடியலில் எல்லாரும் கூடினார்கள். பீத்துஸ் தோளில் ஒரு பெரிய கட்டியோடு, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். பிலின்னா முத்திரையை உடைத்தாள். யூமெனேஸ் அம்பிபோலிச் சபைக்கு. கிருபை, சமாதானம். ஒரு மூச்சு எடுத்தாள். விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது.

நன்றி இல்லை. 'சங்கிலியில் வந்தவரை நீங்கள் ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் அனுப்பினீர்களாமே' என்று அந்த வரி தொடங்கியது.

பதினான்கு வருஷத்தில் இப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தாள். இருபது முகமும் நன்றிக்காக அண்ணாந்து காத்திருந்தன. எங்களுக்கு வேண்டும், நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் இவனுக்கு? கட்டியோடு வந்து உட்கார்ந்திருக்கிறானே, ஒரு தப்பும் செய்யாத இவனுக்கு? வருஷத்துக்கு ஒருமுறை இவன் காதில் விழுகிற ஒரு நல்ல சொல்லையும் எங்கள் பயம் பிடுங்கிக்கொள்வதா?

அவள் வாய் திறந்தது. சொற்கள் தாமாக வந்தன.

"உங்கள் முகங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வருகின்றன. ஒவ்வொன்றுக்காகவும் கடவுளுக்கு நன்றி. ஏணிப்படியின் மேல் எப்போதும் திறந்திருக்கும் கதவுக்காக நன்றி. சுருதி தப்பினாலும் பாட்டை நிறுத்தாத தொண்டைகளுக்காக நன்றி. சுமை காத்திருக்க, முதல் ஆளாய் வந்து உட்காரும் பீத்துஸின் தோளுக்காக நன்றி."

பிறகுதான் இருந்ததை வாசித்தாள். ஒரு சொல்லையும் விடவில்லை. திட்டு ஒவ்வொன்றும் சவுக்கடி மாதிரி விழுந்தது. ஆனால் முதலில் நன்றியைக் கேட்டுவிட்ட காதுகள் அல்லவா, யாரும் எழுந்து போகவில்லை, யாரும் சாக்குச் சொல்லவில்லை. கழுதைக்காரன் விம்மி விம்மி அழுதான். நிகாசோ மார்பில் அடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு கோவத்துலயும் மொதல்ல நமக்கு நன்றி சொல்லியிருக்காரு பாருங்க! அதுதான் ஆசான்! பிலின்னா, இன்னிக்கே பதில் எழுது. 'நீங்க சொன்ன நன்றிக்கு நன்றி'ன்னு மொதல் வரியா போடு."

பிலின்னா கடிதத்தை அவசரமாகச் சுருட்டினாள். "சரிக்கா," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆசானின் வாயில் தன் சொல்லை வைத்துவிட்டாள். வாசகி செய்யக்கூடாத ஒரே காரியம் அதுதான். பதிலை எழுதப்போகிறவளும் அவளே. அந்த முதல் வரியை எழுதாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? கடிதம் கொண்டுபோகிறவன் வாய்வழி சொல்லிவிட்டால்? ஆசான், 'நான் எப்போது நன்றி சொன்னேன்?' என்று திருப்பி எழுதினால்? இனி அவள் எதை வாசித்தாலும், இது கடிதத்தில் இருக்கிறதா, இவளாகச் சொல்கிறாளா என்று பார்ப்பார்கள். அப்புறம் எந்த முகத்தோடு அந்த முக்காலியில் உட்காருவது?

மூன்றாம் நாள் பீத்துஸ் சந்தை வழியாகப் போனவன், சுமையை இறக்கித் தூணில் சாய்த்துவிட்டு அவள் முன்னால் வந்து குந்தினான். கட்டி உடைந்து ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் பிலின்னா. சொல்லத் தொடங்குமுன்பே கண் நிறைந்துவிட்டது. "அந்த நன்றி..."

"அவரு எழுதலை."

அவள் திகைத்துப்போனாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெரல் நகரலையே, தாயி. நீ வாசிக்கையில வெரல் எறும்பு மாதிரி ஊர்ந்துக்கிட்டே போகும். அன்னிக்கு நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்த, வெரல் ஒரே எடத்துல நின்னுச்சு. நான் அதையேதான பாத்துக்கிட்டிருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க? எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கலாமே!"

பீத்துஸ் உள்ளங்கையில் ஏறியிருந்த மரச்சிராய் ஒன்றைப் பிடுங்கினான்.

"அவரும் முன்னாடி நன்றி சொல்லியிருக்காரு. நல்ல மனுஷன். ஆனா அவரு எபேசுல இருக்காரு. என் மூஞ்சியப் பாத்து, பக்கத்துல இருந்து ஒரு ஆளு நன்றின்னு சொன்னது அன்னிக்குத்தான். நான் போய் அதைக் கெடுப்பேனா?" எழுந்து சுமையைத் தூக்கிக்கொண்டான். "ஆனா ஆசானுக்குச் சொல்லிடு. பொய்யி கருவாட்டு முள்ளு மாதிரி, தொண்டையில கெடந்து குத்தும்."

அன்றே பதிலை எழுதினாள். நிகாசோ சொன்ன முதல் வரியையும் எழுதினாள். சபை சொன்னதெல்லாம் முடிந்ததும், ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி நுணுக்கித் தன் சார்பில் எழுதினாள். ஊரெல்லாம் சொல்லச்சொல்ல எழுதிய அந்தக் கை தன் சொந்தச் சொல்லை எழுதியது அதுதான் முதல் தடவை. 'நீங்கள் எழுதாத நன்றியை நீங்கள் எழுதியதாக வாசித்தேன். சத்திர வாசல்வரை போய்த் திரும்பியவளும் நான்தான். நான் சொன்ன வரிகள் இவை' என்று ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, 'எழுத்து தெரியாத பீத்துஸ் என் விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்' என்று முடித்தாள்.

அந்த வருஷம் நீண்டதுபோல வேறெந்த வருஷமும் அவளுக்கு நீளவில்லை. இலையுதிர் காலத்தில் மறுபடி சங்கிலியில் இரண்டு பேர் சாலைவழி வந்தார்கள். இந்தத் தடவை சபையே சத்திர வாசலில் நின்றது. "ஏலே, வழிய விடு, உனக்கும் சேத்துத்தான் கொண்டாந்திருக்கேன்!" என்று நிகாசோ சிப்பாயின் வயிற்றில் விலாங்குக் கூடையால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் பிலின்னா. ரொட்டித் துணியை மார்போடு இறுக்கிக்கொண்டாள், இந்தத் தடவை திரும்பவில்லை.

வசந்தம் வந்தது. கடிதமும் வந்தது.

மாடியில் எல்லாரும் கூடினார்கள். பீத்துஸ் தன் இடத்தில் உட்கார்ந்தான். பிலின்னா முத்திரையை உடைத்து, பெயரையும் வாழ்த்தையும் வாசித்தாள். அடுத்த வரியில் விரல் நின்றது. 'நன்றி சொல்லுமுன் ஒன்று' என்று அது தொடங்கியது. அவள் கண்கள் முன்னே ஓடிப் பார்த்துவிட்டன.

தாண்டிவிடலாம். நன்றாகத் தாண்டிவிடலாம். வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அங்கே யாருக்குத் தெரியும்? ஒருவனுக்குத் தெரியும். அவன் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விரலை நகர்த்தினாள்.

"நன்றி சொல்லுமுன் ஒன்று. சென்ற வருஷம் நான் உங்களுக்கு நன்றி எழுதவில்லை. கோபத்தில் மறந்தேன். நீங்கள் கேட்டது என் வரி அல்ல, உங்கள் வாசகி பிலின்னாவின் வரி."

"அடிப்பாவி!" என்றாள் நிகாசோ, குரல் கீழே போய், தனக்குத்தானே சொல்வதுபோல.

"அவள் செய்தது தவறு. அதை அவளே உங்கள் முன் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் செய்ததும் தவறு. சங்கிலியில் வந்தவருக்கு நீங்கள் தண்ணீர் கொடுக்கவில்லை. உங்களுக்கு நான் நன்றி கொடுக்கவில்லை. அவள் முக்காலியில் அவளே உட்காரட்டும். அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் கீழே எழுதுகிறேன். இப்போது அது என் வரியும்கூட. பிலின்னா, இனி விரலை வைத்து வாசி."

அவள் விரலை வைத்தாள். 'உங்கள் முகங்கள்' என்று இருந்தது. அவளுக்குக் குரல் வரவில்லை. எழுத்தெல்லாம் கண்ணீரில் மிதந்தது. இருபது பேர் காத்திருந்தார்கள்.

"உங்கள் முகங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வருகின்றன," என்று ஒரு கரகரத்த குரல் தொடங்கியது. பீத்துஸ்! ஒரு வருஷமாக எந்தச் சுமையின் அடியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தானோ, திராக்கிய நாக்கில் கொஞ்சம் கடித்துக் கடித்து, ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டே போனான். "ஒவ்வொன்றுக்காகவும் கடவுளுக்கு நன்றி." பிலின்னாவின் விரல் அவன் குரலுக்குக் கீழே ஊர்ந்தது. திறந்திருக்கும் கதவைச் சொன்னான். நிகாசோ முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சுருதி தப்பிய தொண்டைகளைச் சொன்னான். "சுமை காத்திருக்க, முதல் ஆளாய் வந்து உட்காரும்..." என்றான்.

அங்கே நிறுத்திவிட்டான். தன் பெயரைத் தன் வாயால் சொல்ல வெட்கம். காது மடலைத் தேய்த்தபடி, முக்காலியின் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிலின்னாவின் விரல் அந்தப் பெயரின்மேல் காத்திருந்தது. மாடியில் இருந்த அத்தனை பேரும் அவன் முகத்தைப் பார்த்து, ஒரே குரலில் அந்த வரியை முடித்தார்கள்.

"பீத்துஸின் தோளுக்காக நன்றி."